பனியன் துணியா, நெய்த துணியா? மேலுக்கு ஒரு சைஸ், கீழுக்கு ஒரு சைஸ் உள்ள உடம்புக்கு எது சரி?

நூல்கண்டு:

தோழமைகளுக்கு வணக்கம். தைக்க நினைப்பது இரண்டு: முழங்காலுக்குக் கீழே வரும் ஒரு ஃபிராக், தினமும் போடுற ஒரு பேன்ட்.

அளவுகள் எல்லாம் இன்ச்சில்: அக்குளை ஒட்டிய மேல் மார்பு 36, மார்பு 39, இடுப்பு 33, சீட் (பின்பக்கம் அதிகம் பருத்த இடத்துச் சுற்று) 43, புஜம் 13½. அடிவயிறு கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும்.

"பேரிக்காய் உடம்புன்னா நெய்த துணி, நேரான உடம்புன்னா பனியன் துணி"ன்னு எங்க பார்த்தாலும் ஒரே வரியில முடிச்சிடுறாங்க. ஆனா பனியன் துணியில உடம்போட ஒட்டிக்கிற மெல்லிய ஜெர்சியும் இருக்கு, கோட்டே தைக்கலாம்ங்கிற அளவுக்குத் தடிச்ச போன்டேவும் இருக்கு. நெய்ததுலயும் மல் துணியும் ஜீன்ஸ் துணியும் ஒண்ணு கிடையாதே? எந்த அளவை வெச்சு எதை முடிவு பண்ணணும்? தையல் ஓரளவு தெரியும், டார்ட் (துணியை ஆப்பு மாதிரி மடிச்சுத் தைக்கிறது) பிடிக்கவும் ஜிப் வைக்கவும் வரும்.

---

கத்தரிமுனை:

பேரிக்காய், ஆப்பிள் என்ற பெயர்களை ஒதுக்கி வையுங்கள். துணிக்குத் தெரிவது பக்கத்துப் பக்கத்து அளவுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் மட்டும்தான். உங்களுக்கு அப்படி இரண்டு வித்தியாசங்கள்: மேல் மார்புக்கும் மார்புக்கும் 3 இன்ச், இடுப்புக்கும் சீட்டுக்கும் 10 இன்ச்.

நெய்த துணியில் பாவும் (நீளவாக்கு நூல்) ஊடையும் (அகலவாக்கு நூல்) நேர் இழைகள். நேர்வாக்கில் இழுத்தால் நகராது, மூலைவாக்கில் கிராஸாக இழுத்தால்தான் கொடுக்கும். அதனால் உடம்பில் மேடு வரும் இடத்தில் டார்ட், சுருக்கம், வெட்டு என்று ஏதாவது ஒன்றால் நாம்தான் அந்த மேட்டைத் துணியில் உண்டாக்க வேண்டும். பனியன் துணி கண்ணி கண்ணியாகக் கோத்தது. மேடு வரும் இடத்தில் கண்ணி தானே அகலும். கத்தரி செய்ய வேண்டிய வேலையைத் துணி செய்துகொள்கிறது. ஆனால் சும்மா செய்வதில்லை. கண்ணி அகலத்தில் விரிந்தால் நீளத்தில் குறையும். பனியன் துணி மேலாடைகளில் முன்பக்க ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான். மார்பின் மேல் போன துணி, நீளத்தைத் தின்றுவிடுகிறது.

முதல் வித்தியாசத்துக்கு வருகிறேன். பெரும்பாலான பேட்டர்ன்கள் (துணி வெட்டுவதற்கான மாதிரித் தாள்கள்) மேல் மார்பைவிட மார்பு 2 இன்ச் கூடுதல் என்ற கணக்கில் வரைந்தவை. உங்களுக்கு 3. நெய்த துணியில் மார்பு 39 என்று பார்த்து சைஸ் எடுத்தால் மார்பில் சரியாக உட்காரும், தோள் இறங்கிவிடும், கழுத்து வாய் பிளக்கும். மேல் மார்பு 36-க்குப் பொருந்தும் சைஸை எடுத்து, முன்பக்கத் துண்டில் மட்டும் பக்கத்துக்கு ½ இன்ச் திறந்து, அந்தக் கூடுதலைப் பக்க டார்ட்டுக்குள் வாங்குங்கள். பனியன் துணியில் அதே 36-க்கான சைஸ் போதும், டார்ட் தேவையில்லை. ஆனால் முன்பக்கப் பக்கத் தையலில், மார்பு உயரத்தில், ½ முதல் ¾ இன்ச் நீளம் கூட்டுங்கள். பின்பக்கத்தோடு மூட்டும்போது அந்தக் கூடுதலை மார்புக்கு நேராக லேசாகச் சுருக்கி அடக்கிவிடலாம். ஓரம் தூக்காது.

இரண்டாவது வித்தியாசம்தான் பெரிது. டார்ட் வைத்த நெய்த பாவாடைப் பகுதி என்றால் கணக்கு இப்படி: இடுப்பில் 1 இன்ச் தளர்வு சேர்த்து 34, சீட்டில் 2 இன்ச் தளர்வு சேர்த்து 45. இடையில் 11 இன்ச்சைக் கரைக்க வேண்டும். பக்கத் தையல்களில் ஓரத்துக்கு 1 இன்ச், நான்கு ஓரத்தில் 4. பின்பக்கம் நான்கு டார்ட், ஒவ்வொன்றும் 1 இன்ச், அதில் 4. முன்பக்கம் நான்கு டார்ட், ஒவ்வொன்றும் ¾, அதில் 3. பின் டார்ட் நீளம் 5 முதல் 5½, முன் டார்ட் 3½.

அடிவயிறு முன் தள்ளியிருப்பதால் முன் டார்ட்டை ½ இன்ச்சாகவும் 3 இன்ச் நீளமாகவும் குறைத்து, மிச்சத்தைப் பக்கத் தையலுக்குத் தள்ளுவது நல்லது (ஓரத்துக்கு 1¼ ஆகும்). அதற்கு மேல் பக்கத் தையலில் வளைத்தால் இடுப்பெலும்புக்கு அருகே கொம்பு மாதிரி தூக்கும். ஒரே டார்ட்டில் 1¼-க்கு மேல் பிடித்தாலும் முனையில் குமிழ் விழும், எத்தனை அயர்ன் போட்டாலும் போகாது. ஒரே ஒரு பெரிய டார்ட் போட்டு முடிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு.

பனியன் துணியில் ஜிப் இல்லாமல் எலாஸ்டிக் வைத்துத் தைப்பதானால் வேறு கணக்கு. 33-இல் நிற்கும் இடுப்பு வாய் 43-ஐத் தாண்டி ஏற வேண்டும், அதாவது 30 சதவீதம் இழுபட வேண்டும். 20 சதவீதமே இழுபடும் போன்டேவில் அது நடக்காது. துணி தாங்கினாலும் தையல் நூல் அறுந்துவிடும். அப்போது பாவாடையின் இடுப்பு வாயை 37-ஆக வெட்டி எலாஸ்டிக்கால் 33-க்குச் சுருக்குங்கள், ஏறுவதற்கு 16 சதவீதம் போதும்.

---

கண்ணி_எண்ணி:

கத்தரிமுனை சொன்ன கணக்கு முழுசா சரி. நான் துணியோட கனத்தைப் பத்திச் சொல்றேன், ஏன்னா அடிவயிறு விஷயத்துல நெய்ததா பனியனாங்கிறதைவிடக் கனம்தான் பேசும்.

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிறதுதான் ஜி.எஸ்.எம். டீ-ஷர்ட் போடுற சிங்கிள் ஜெர்சி 140-180. இன்டர்லாக் 180-220. போன்டே 280-350. 150 ஜி.எஸ்.எம் ஜெர்சி தொப்புள் குழியில இறங்கும், உள்ளாடை எலாஸ்டிக் பதிஞ்ச கோட்டைக் காட்டும், வயித்து மடிப்புக்குள்ள போய் உட்காரும். 300 ஜி.எஸ்.எம் போன்டே அதே இடத்துல மேட்டுல இருந்து மேட்டுக்குப் பாலம் மாதிரி தாண்டிப் போகும். ரெண்டும் பனியன் துணிதான். "குண்டா இருந்தா பனியன் துணி வேண்டாம்"னு சொல்றவங்க மெல்லிய ஜெர்சியை மட்டும் பார்த்துட்டுச் சொல்றாங்க. அந்த ஒரு வரியால எத்தனையோ பேர் நல்ல போன்டேவைத் தொட்டுக்கூடப் பார்க்கிறதில்லைங்கிறது வருத்தமா இருக்கு.

நெய்ததுலயும் அப்படித்தான். விறைப்பான பாப்ளின்ல சுருக்கம் வெச்சா வயித்துக்கு மேல கூடாரம் மாதிரி நிக்கும், உடம்பு இருக்கிறதைவிடப் பெரிசாத் தெரியும். ரேயான், க்ரேப் மாதிரி தழைஞ்சு விழுற துணியில அதே சுருக்கம் கீழ்நோக்கிப் படிஞ்சிடும். க்ரேப்ல நூலை அதிகமா முறுக்கியிருக்கிறதால கொஞ்சம் கொடுக்கவும் செய்யும்.

துணியைக் கையில வெச்சுப் பார்க்க மூணு சோதனை போதும்.

வெட்டின ஓரத்துல இருந்து நாலு இன்ச் உள்ள தள்ளி, அகலவாக்குல மடிச்சு, 4 இன்ச் அளந்து ரெண்டு கையில பிடிங்க. மடிப்பு சுருண்டு முறுக்காம, சுகமா எவ்வளவு இழுபடுதோ அதுதான் கணக்கு. 5-க்கு வந்தா 25 சதவீதம், 6-க்கு வந்தா 50. பலம் போட்டு இழுத்த எண் உபயோகமில்லை, அந்த இழுப்பிலேயே ஒருத்தர் நாள் முழுக்க இருக்க முடியாது.

அப்புறம் பத்து வினாடி அப்படியே பிடிச்சு விடுங்க. திரும்ப 4-க்கு வந்தா நல்லது. 4¼-லயே நின்னுட்டா அந்தத் துணி முட்டியிலயும் முழங்கையிலயும் சீட்லயும் பை விடும். பருத்திக் கண்ணிக்குத் தானா சுருங்கிக்கிற பலம் குறைவு, கூட 5 சதவீதம் ஸ்பாண்டெக்ஸ் (ரப்பர் மாதிரி இழுபடுற இழை) இருந்தா அதுதான் இழுத்து வைக்கும். சீட் 43, இடுப்பு 33-ங்கிற உடம்புக்கு இந்த ரெண்டாவது சோதனைதான் முக்கியம், ஏன்னா துணி அதிகமா வேலை செய்யுறது சீட்ல.

மூணாவது, அதே இழுப்போட துணிக்குப் பின்னால உள்ளங்கையை வெச்சுப் பாருங்க. சும்மா இருக்கும்போது தெரியாத விரல் இழுத்தா தெரியுதுன்னா, மார்புலயும் சீட்லயும் துணி கண்ணாடி மாதிரி ஆகும்.

வெட்டுறதுக்கு முன்னால துவைக்கிறதைத் தவிர்க்கவே கூடாது. பருத்திப் பனியன் துணி நீளத்துல 5 முதல் 8 சதவீதம் வரைக்கும் சுருங்கலாம். 42 இன்ச் ஃபிராக்ல அது கிட்டத்தட்ட 2 முதல் 3½ இன்ச். விஸ்கோஸ் ஜெர்சி இதுக்கு நேர் எதிர்ப் பிரச்சினையும் கொடுக்கும், தன் கனத்துலயே கீழ இறங்கும். தைச்சு முடிச்சு ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, அப்புறம்தான் கீழ் ஓரத்தை மடிக்கணும்.

---

நூல்கண்டு:

இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லை, ரொம்ப நன்றி. இன்னும் மூணு சந்தேகம். ஒண்ணு, ஃபிராக் முழுசும் போன்டேன்னா கனமா இருக்கும், மேல் பாகம் போன்டே, கீழ நெய்த ரேயான்னு சேர்க்கலாமா? ரெண்டு, என்கிட்ட இருக்கிறது நெய்த துணிக்கான பேட்டர்ன், அதையே பனியன் துணிக்கு வெச்சு வெட்டலாமா? மூணு, பேன்ட்டுக்கு ஸ்பாண்டெக்ஸ் கலந்த நெய்த துணின்னு ஒண்ணு வருதே, அது ரெண்டுக்கும் நடுவுல நிக்குமா?

---

பாவும்_ஊடையும்:

சேர்க்கலாம், நூல்கண்டு. உங்க அளவுக்கு நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மார்புக்கு டார்ட் இல்லாம போன்டே ஏத்துக்கும், சீட்டை ரேயான் தொடாமலே விழும். ஆனா இடுப்புத் தையல்ல மூணு விஷயம் தப்பாப் போகும்.

கீழ இருக்கிற ரேயான் கனம் மேல் பாகத்தைக் கீழ இழுக்கும். அதனால மேல் பாகம் 280 ஜி.எஸ்.எம்-க்குக் குறையக் கூடாது, நீளத்துலயும் ½ இன்ச் குறைச்சே வெட்டணும். அடுத்தது, போடும்போது அந்தத் தையல் தோளையும் மார்பையும் தாண்டணும், 40 இன்ச்சாவது திறக்கணும். 33-லிருந்து 40 என்றால் 21 சதவீதம். ரேயானை டார்ட் பிடிச்சுத் தட்டையா வெச்சா அது ஒரு நூல்கூடத் திறக்காது, பக்கத்துல ஜிப் வேணும். போன்டேவுல ஜிப் வைக்கிற ஓரத்துக்கு 1 இன்ச் அகலத்துக்கு ஃப்யூஸிங் (அயர்ன் போட்டு ஒட்டுற உள்துணி) ஒட்டாம வெச்சா ஜிப் அலை அலையா நெளியும்.

ஜிப் வேண்டாம்னா ரேயான் மேல் விளிம்பை 50 இன்ச்சா வெட்டிச் சுருக்கி வையுங்க. சுருக்க நூலைத் தைச்சு முடிச்சதும் உருவிடணும், விட்டா அதுவே கயிறு மாதிரி பிடிச்சுக்கும். இந்தத் தையல்ல ¼ இன்ச் மெல்லிய எலாஸ்டிக்கைச் சேர்த்து ஓவர்லாக்லயோ (ஓரம் அடிக்கிற தையல்) குறுகின ஜிக்ஜாக்லயோ (அகலம் ½ மி.மீ., நீளம் 2½) தைச்சா இழுக்கும்போது நூல் அறாது, தையலும் நாளாக நாளாகத் தளராது. ஊசி பால் பாயிண்ட்தான் (முனை உருண்டையா இருக்கும்). சாதா ஊசி கண்ணியைக் குத்தி அறுக்கும், நூல் விட்டு விட்டு விழும், துவைச்சதும் சின்னச் சின்ன ஓட்டை தெரியும்.

பேட்டர்ன் விஷயம். நெய்த துணிக்கானதைப் பனியன் துணிக்கு மாத்தலாம், தலைகீழா மாத்துறது ஆபத்து. நெய்த பேட்டர்ன்ல மார்புக்கு 3 முதல் 4 இன்ச் தளர்வு இருக்கும். போன்டேவுக்கு 0 முதல் 1 போதும், ஸ்பாண்டெக்ஸ் கலந்த ஜெர்சின்னா உடம்பைவிட 1 முதல் 2 இன்ச் குறைச்சுக்கூட வெட்டலாம். ஒரு சைஸ் கீழ இறங்கி வெட்டினா கிட்டத்தட்ட சரியா வரும். ஜிப்பை எடுத்துடுங்க, முதுகுத் தையல் நேரா இருந்தா அதையும் மடிப்புல போட்டுடலாம்.

பனியன் பேட்டர்னை நெய்த துணிக்கு வெச்சா முதல்ல தலையே நுழையாது. தலைச் சுற்று பலருக்கும் 22-23 இன்ச், திறப்பில்லாத நெய்த கழுத்து 24-ஆவது இருக்கணும். தலை நுழைஞ்சாலும் கையை முன்னால நீட்டினதும் முதுகு பிடிக்கும்.

---

கத்தரிமுனை:

ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஒரு சைஸ் முழுசாகக் கீழே இறங்கினால் தோளும் கழுத்தும்கூடச் சுருங்கும். எலும்பு இருக்கும் இடம் துணி மாறினால் மாறாது. நூல்கண்டு ஏற்கெனவே மேல் மார்பை வைத்துச் சிறிய சைஸ்தான் எடுக்கப் போகிறார், அதிலிருந்தும் இறங்கினால் கைக்குழித் தையல் தோளுக்கு உள்ளே போய்விடும். தோளையும் கழுத்தையும் அப்படியே விட்டு, பக்கத் தையலில் மட்டும் ஓரத்துக்கு ½ முதல் ¾ இன்ச் வெட்டி எடுங்கள். நான்கு ஓரத்தில் 2 முதல் 3 இன்ச் தளர்வு போய்விடும். கைக்குழியின் அடியை ½ இன்ச் மேலே ஏற்றுங்கள். தோள் தையலில் மட்டும் நீளாத டேப் ஒன்றை வைத்துத் தைத்துவிடுங்கள், முழு ஆடையின் கனமும் அங்கேதான் தொங்குகிறது.

பேன்ட்டுக்கு ஸ்பாண்டெக்ஸ் கலந்த ட்வில் (ஜீன்ஸ் போலச் சாய்ந்த வரி தெரியும் நெசவு) நல்ல தேர்வு: 2 முதல் 3 சதவீதம் ஸ்பாண்டெக்ஸ், 240-280 ஜி.எஸ்.எம். ஆனால் அதைப் பாதிப் பனியன் துணியாக நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஊடையில் மட்டும்தான் ஸ்பாண்டெக்ஸ் இருக்கும், அகலத்தில் 15-20 சதவீதம் கொடுக்கும், நீளத்தில் ஒன்றும் கொடுக்காது. கரையோரம் (துணியின் நெய்த கரை) காலின் நீளத்துக்கு இணையாக இருக்கும்படி வெட்டுவது கட்டாயம். துணி மிச்சம் பிடிக்கத் திருப்பிப் போட்டு வெட்டினால் சீட் பிடிக்கும், கால் நீளும்.

முழங்கால் முழுசாக மடங்கும்போது அங்கே தோல் நீளவாக்கில் 35-45 சதவீதம் விரிகிறது. இந்த ட்வில் அதைத் தராது. பேன்ட் கால்மேல் வழுக்கி மேலேறித்தான் அந்த நீளத்தைக் கொடுக்க வேண்டும். தொடையில் ஒட்டிப் பிடித்தால் வழுக்க முடியாது, அந்த இழுப்பெல்லாம் பின்னிடுப்புக்குப் போய், உட்காரும்போது பேன்ட் கீழே இறங்கும். தொடையில் 1½ இன்ச் தளர்வு வையுங்கள். பின்பக்க நடுத்தையலில் இடுப்பு விளிம்பை 1 இன்ச் உயர்த்தி, பக்கத் தையலுக்கு வரும்போது அதை ஒன்றுமில்லாமல் கரைத்துவிடுங்கள். சீட் அளவை நின்றும் எடுங்கள், நாற்காலியில் உட்கார்ந்தும் எடுங்கள். 1 முதல் 2 இன்ச் கூடும். நீளாத துணியானால் உட்கார்ந்த அளவுக்குத்தான் வெட்ட வேண்டும். இந்த ட்வில்லில் நின்ற அளவோடு ½ முதல் 1 இன்ச் போதும், அதற்கு மேல் விட்டால் மாலைக்குள் தளர்ந்து தொங்கும்.

இடுப்புப் பட்டியை நேர்த்துண்டாக வெட்டாதீர்கள். 10 இன்ச் வித்தியாசத்தில் நேர்ப்பட்டி பின்னால் வாய் பிளந்து நிற்கும். வளைவாக, முன் பின் தனித்தனியாக வெட்டி, உள்பட்டிக்கு மட்டும் நீளாத ஃப்யூஸிங் ஒட்டுங்கள்.

முதலில் பழைய துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பாருங்கள். அடிவயிற்றில் படுக்கைக் கோடுகள் விழுந்தால் அங்கே இறுக்கம். நிமிர்ந்த மடிப்புகள் தொங்கினால் தளர்வு. சாய்ந்த கோடு எந்த இடத்தைக் காட்டி ஓடுகிறதோ அங்கேதான் துணி போதவில்லை. சோதனைத் துணியும் அதே அளவு இழுபடுவதாக இருக்க வேண்டும். நீளாத பழைய வேட்டியில் பார்த்துவிட்டு ட்வில்லில் வெட்டினால் எந்தக் கோடும் உண்மை சொல்லாது.

---

நூல்கண்டு:

பேன்ட் ட்வில்தான், முடிவாயிடுச்சு. கடைசியா புஜம் 13½-ஐ மட்டும் சொல்லுங்க. ஃபிராக்குக்குக் கை ரேயான்ல வெச்சா அழகா இருக்கும்னு ஒரு ஆசை.

---

கண்ணி_எண்ணி:

வெக்கலாம், ஆனா ஒட்டின கை வேண்டாம். நெய்த ரேயான்ல புஜத்துக்கு 2 இன்ச் தளர்வு வேணும், 15½-க்குக் குறைஞ்சா கையை மடக்கும்போது பிடிக்கும். அவ்வளவு அகலமான கையை 36 சைஸ் கைக்குழியில ஏத்தும்போது கையோட மேல் வளைவு நீளமாயிடும், தோள்ல சுருக்கம் வெச்சுத்தான் அடக்கணும். அந்தச் சுருக்கத்தை அலங்காரமாவே எடுத்துக்கோங்க: உச்சிக்கு ரெண்டு பக்கமும் 2½ இன்ச் தூரத்துக்குள்ள மட்டும் வெச்சா தோள்ல மெல்லிசாப் புடைச்சு நிக்கும், அக்குள் பக்கம் தட்டையா இருக்கும். மேல் பாகம் போன்டேங்கிறதால கைக்குழித் தையலைக் கொஞ்சம் இழுபடுற மாதிரி ஜிக்ஜாக்லயே தைங்க, முதுகு விரியும்போது நூல் அறாது.

ஒட்டின கைதான் வேணும்னா கையும் போன்டேவுலயே இருக்கட்டும், 13½ முதல் 14 வரை வெட்டினா போதும். அப்போ ரேயானைக் கைவிளிம்புல 3 இன்ச் பட்டையா மட்டும் வெச்சுக்கலாம். பட்டையோட சுற்று, கையை மடக்கினப்போ அந்த இடத்துல அளந்த அளவைவிட 1 இன்ச் கூட இருக்கணும்.

---

நூல்கண்டு:

சுருக்கம் வெச்ச கையே இருக்கட்டும். ரேயானையும் போன்டேவையும் தனித்தனியா அலசிக் காயப் போட்டுட்டேன், காஞ்சதும் அந்த 4 இன்ச் சோதனையைப் பார்த்துட்டு எத்தனை சதவீதம்னு இங்கயே எழுதுறேன்.